குங்குமம் வைத்த பிஸ்டல்

ஒல்லாந்திலிருந்து ஜேர்மனிக்கு நாங்கள் நடந்து வந்துகொண்டிருந்தோம். மாமா முன்னால், நான் பின்னால். அவர் தோளில் சுருட்டிக் கட்டிய போர்வை, கையில் சின்னக் காஸ் அடுப்பு. என் கையில் அம்மா கட்டித் தந்த சாப்பாட்டுப் பை. மாமா ஓட்டி வந்த லொறி பொலிஸ் நிலைய வாசலில் நின்றுவிட்டது. வண்டியைக் கிளப்பும் திறப்பை உள்ளே மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

எல்லை என்று அங்கே கம்பமோ காவலோ இல்லை. தார் வீதியின் நிறம் ஓரிடத்தில் மாறியது, அவ்வளவுதான். மாமா அந்த இடத்தில் நின்று காலைத் தரையில் தட்டினார்.

"பாரடா மருமோன், லொறியில வந்தா நூறு கேள்வி. நடந்து வந்தா ஒரு நாயும் கேக்குதில்லை."

மாடுகள் மட்டும் எங்களைப் பார்த்தன.

பிறகு எத்தனையோ எல்லைகளை நான் நடந்தும் அடுத்தவன் வண்டியில் தொற்றியும் கடந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன போக்கிடம்? ஆனால் முதல் நடை அதுதான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

மாமா அம்மாவின் தம்பி. ஹாகன் நகரத்தில் எங்களோடு இருந்தார். ஊரில் சமாதான காலம் என்று சொல்லிக்கொண்ட வருசங்கள் அவை. அந்த இடைவெளியில் கொழும்புக்குப் போய்க் கலியாணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமி யாழ்ப்பாணத்தில் இருந்தா. அவவைக் கூப்பிட வேண்டுமென்றால் நிரந்தர வேலை வேண்டும், இடையில் அறுபடவும் கூடாது என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் மாமா காய்ச்சலோடும் லொறி ஓட்டினார். ஒல்லாந்துக்கு வெறும் லொறியோடு போய்ப் பூ ஏற்றி வருவது அவருடைய வழக்கமான ஓட்டம்.

ஒருமுறை பெல்ஜியத்துத் தரிப்பிடம் ஒன்றில் படுத்திருந்தபோது கள்ளர் லொறியை மூடியிருந்த படங்கைக் கிழித்தார்கள். சத்தம் கேட்டு இறங்கிய மாமாவின் மண்டையையும் கிழித்தார்கள். காவல் போட்ட தரிப்பிடங்கள் இருக்கின்றன, அதற்குக் காசு தாருங்கள் என்று டிரைவர்மார் முதலாளியிடம் கேட்டார்கள். முதலாளி அதற்குப் பதிலாக ஆளுக்கொரு காஸ் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தார். அதில் குண்டு கிடையாது. பெரிய சத்தமும் கண்ணை எரிக்கும் புகையும்தான் வரும். டும் என்றால் ஓடிவிடுவான் என்றாராம் முதலாளி. ஜேர்மனிக்குள் வைத்திருக்க அனுமதி அட்டைகளும் எடுத்துக் கொடுத்தார். அட்டை எல்லைவரைக்கும்தான் செல்லும். ஒல்லாந்துக்குள் அது பிடிபட்டால் உண்மைத் துவக்குக்குக் கிட்டத்தட்டச் சமம்.

ஆகவே டிரைவர்மார் தாங்களே ஒரு வழி கண்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜேர்மன்காரப் பெண் ஒருத்தி சிப்ஸ் கடை வைத்திருந்தா. போகும்போது பிஸ்டலை அவவிடம் கொடுப்பார்கள், வரும்போது ஒரு கோப்பியும் குடித்து வாங்கிக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில் எல்லாம் கிடக்கும். மாமா அவவைத் தமிழிலேயே 'அக்கா' என்று கூப்பிடுவார். அது தன் பேரின் ஏதோ ஒரு வடிவம் என்று நினைத்து அவவும் 'யா' என்பா.

இந்த ஏற்பாடு அம்மாவுக்குத் தெரியாது. எல்லைக்கு அப்பால் தம்பி வெறுங்கையோடு படுக்கிறான் என்று தெரிந்தால் அவ நித்திரை கொள்ளமாட்டா என்று மாமா சொல்லாமல் விட்டிருந்தார்.

அந்த ஒக்டோபரில் பள்ளிக்கூட விடுமுறையும் நவராத்திரியும் ஒன்றாக வந்தன. சரஸ்வதி பூசைக்கு அம்மா என் புத்தகங்களை அடுக்கினா, தன் தையல் கத்தரிக்கோலை வைத்தா, லொறித் திறப்பை வைத்தா. பிறகு மாமாவின் அறைக்குள் போய்ப் பிஸ்டலையும் கொண்டுவந்து வைத்துச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டும் இட்டா.

"அக்கா, உது என்ன வேலை? சரஸ்வதிக்கு என்னத்துக்குப் பிஸ்டல்?"

"ஆயுதம்தானே? உன்ர தலையைக் காக்கிறது. பேசாம இரு."

விசயதசமி அன்று விடியப் புறப்பட வேண்டியிருந்தது. என்னையும் கூட்டிப் போவதாக மாமா சொல்லியிருந்தார். பூசையில் வைத்ததை அம்மா தீபம் காட்டி எடுக்குமுன் தொடக்கூடாது. திறப்பை மட்டும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டு, பிஸ்டல் அங்கேயே கிடக்கட்டும் என்று மாமா லொறியை எடுக்கப் போனார். கையில் பிஸ்டல் இல்லையாதலால் அன்றைக்குச் சிப்ஸ் கடையிலும் நிற்கவில்லை. ஹோர்ன் மட்டும் அடித்துவிட்டுப் போனோம்.

எல்லை தாண்டிச் சிறிது தூரத்தில் ஒல்லாந்துப் பொலிஸ் மறித்தது. கடதாசிகளைப் பார்த்தார்கள், பின்கதவைத் திறந்து பார்த்தார்கள். கடைசியாக இளம் பெண் அதிகாரி ஒருத்தி சாப்பாட்டுப் பையைத் திறந்தா. புட்டுப் பார்சலுக்கும் சம்பலுக்கும் கீழே வெள்ளித்தாளில் சுற்றிய மூன்றாவது பார்சல் ஒன்று இருந்தது. அதைப் பிரித்ததும் சந்தனம் மணத்தது. பிஸ்டல் பொட்டோடு படுத்திருந்தது. மாமா லொறியை எடுக்கப் போன நேரத்தில் அம்மா தீபம் காட்டி முடித்து, சாப்பிடும்போது தம்பி கண்டெடுப்பான் என்று வைத்திருக்கிறா. அவவுக்கு நாவூறும் கள்ளரும்தான் பயம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பது அவ கணக்கிலேயே இல்லை.

அதிகாரியின் வெள்ளைக் கையுறையில் குங்குமம் ஒட்டியது. அவ பதறிப்போய் மற்றவரிடம் காட்ட, அவர் குனிந்து முகர்ந்தார். இரத்தம் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர்கள் முகம் தெளியவில்லை.

நிலையத்தில் எங்களை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். மாமாவுக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி லொறிக்கும் கடைக்கும் போதுமானது, பொலிசுக்குக் காணாது. பதிவு எழுதிய வயதான அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கத் தொலைபேசியில் அலைந்து, கிடைக்காமல் கடைசியில் என்னைப் பார்த்தார். எங்கள் வீடுகளில் டொக்டரிடமும் கந்தோரிலும் பேசுவது பிள்ளைகள்தான். நான் எழும்பி மாமாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பையில் வைத்தது யார் என்று ஜேர்மனில் கேட்டார்.

"நான் எண்டு சொல்லு" என்றார் மாமா.

"அம்மாவெல்லே..."

"நான் எண்டு சொல்லடா."

சொன்னேன். அதற்குள் முதலாளிக்குச் செய்தி போய், அவர் நிலையத்துக்கே தொலைபேசி எடுத்துவிட்டார். மாமாவோடு பேச விட்டார்கள். முதலாளியின் குரல் பெரிது, வாங்கிலிருந்த எனக்கும் கேட்டது. நீயே வாங்கினதாகச் சொல், தண்டத்தை நான் கட்டுகிறேன், நாளைக்கும் உனக்கு லொறி இருக்கும் என்றார். இது நல்ல பேச்சாக எனக்குப் பட்டது. மாமா 'யா, யா' என்று கேட்டு வைத்துவிட்டு, புட்டுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். அந்தப் பெண் அதிகாரி தடுக்கலாமா விடலாமா என்று தெரியாமல் நின்றா.

பிஸ்டலைத் தந்தது யார் என்பது அடுத்த கேள்வி.

"முதலாளி. எங்கள் எல்லாருக்கும் தந்தவர். கொம்பனிப் பேரையும் சொல்லு."

நான் அதிகாரிக்குச் சொல்லாமல் மாமாவிடம் திரும்பினேன். "மாமா, உங்கட எண்டு சொல்லுங்கோ. வேலை போயிடும். பிறகு மாமி வரேலாதெல்லே?"

மாமா விரலில் ஒட்டிய புட்டை உதறினார். கோபிப்பார் என்று நினைத்தேன். மிக அமைதியாகச் சொன்னார்:

"துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்தவன் நான். அப்பிடி வந்தவன் இஞ்ச வந்து தானே ஒரு துவக்கு வாங்கினான் எண்டு எழுத விடமாட்டன். வேலை போகட்டும். சொல்லு."

சொன்னேன். அதிகாரி முதலாளியின் பேரை எழுத்தெழுத்தாகக் கேட்டார். மாமாவே எழும்பிப் போய் மேசையில் குனிந்து, எழுதியது சரியா என்று பார்த்தார். பிஸ்டலை வைத்துக்கொண்டு, தண்டம் தபாலில் வரும் என்று எங்களைப் போகச் சொன்னார்கள். வாசலுக்கு வருமுன் முதலாளி மறுபடி எடுத்தார். திறப்பை வைத்துவிட்டு இறங்கு, வேறு டிரைவர் வருகிறான், இனி என் முற்றத்தில் கால் வைக்காதே என்றார். மாமா லொறிக்குள் ஏறிப் போர்வையையும் அடுப்பையும் எடுத்தார். கண்ணாடியில் தொங்கிய பிள்ளையாரையும் கழற்றினார். எலுமிச்சம்பழம் மட்டும் அப்படியே தொங்கியது. கொம்பனிக்கும் கொஞ்சம் காவல் வேண்டுமாம்.

அப்படித்தான் நடந்தோம். தார் நிறம் மாறி வெகுதூரம் வந்த பிறகு, மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"அம்மாவுக்காகப் பொய் சொன்னனீங்கள். முதலாளிக்காக ஏன் சொல்லேல்லை?"

"கொம்மா பயத்தில வச்சவ. முதலாளி காசு மிச்சம் பிடிக்கத் தந்தவர்" என்றார். பிறகு சீட்டியடித்துக்கொண்டு நடந்தார்.

பின்னேரம் சிப்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தோம். நடந்ததைக் கேட்ட அக்கா முதலாளியை ஜேர்மனில் நன்றாகவே திட்டினா. என்னால் மாமாவுக்கு மொழிபெயர்க்க முடியாத சொற்கள் அவை. ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது. அவவுடைய தொலைபேசியில் மாமா வீட்டுக்குப் பேசினார். லொறி பழுது, நாளைக்கு வாறம், புட்டு நல்லா இருந்தது என்றார். பிஸ்டலைக் கண்டியா என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். "ஓம் அக்கா, உதவினது" என்றார்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்தோம்.

காலையில் அந்த அக்கா எங்களைத் தன் காரில் ஒரு காளான் பண்ணைக்குக் கூட்டிப் போனா. அது அவவுடைய தம்பியின் பண்ணை. நீளநீளமான இருட்டுக் கொட்டகைகள். குதிரைச் சாணமும் வைக்கோலும் சேர்ந்து அவிந்த மணம் மூக்கைப் பிடுங்கியது. பண்ணைக்காரர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். எரு வாருவதற்கு ஆள் வேண்டும்தான், ஆனால் அடுத்த கிழமை வந்தால் போதும் என்றார். மாமா இன்றைக்கே என்றார். அவசரமில்லை, வீட்டுக்குப் போய் இளைப்பாறு என்றார் பண்ணைக்காரர். நேற்றைய வேலையோடு ஒட்ட, இன்றைய திகதியிலேயே சேர்த்துப் பதிய வேண்டும் என்று மாமா என்னைக் கொண்டு இரண்டு தரம் சொல்வித்தார். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. நேற்று அத்தனை பேருக்கு முன்னால் வேலை போகட்டும் என்று சொன்ன மனுசன், இன்றைக்குச் சாணத்துக்கு இப்படிக் கெஞ்சுகிறாரே என்று நினைத்தேன். ஒரு நாள், ஒரேயொரு நாள் சும்மா இருந்தால் என்ன வந்துவிடப் போகிறது? கவிழ்த்து வைத்திருந்த காளான் பெட்டியில் குந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் யாரோ விட்டுப்போன ரப்பர் சப்பாத்துக்குள் காலை நுழைத்து, சுவரில் சாத்தியிருந்த சவளை எடுத்து, எரு வாரத் தொடங்கினார்.