விரியாத லைலாக் மாலை

போன கிழமை மில்லிக்கனில் ஒரு வீட்டு வேலியைத் தாண்டும்போது, "காரை ஒருக்கா நிப்பாட்டு" என்று நான் கத்தியது உங்கள் இருவருக்கும் பெரிய பகிடியாகிவிட்டது. "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் மூத்தவள். சின்னவன் பின்சீற்றில் இருந்து சிரித்தான். எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகளே. கண்ணாடி திறந்திருந்தது, வேலியோரம் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்த லைலாக்கின் மணம் உள்ளே வந்தது. அந்தப் பூவின் மணத்தோடு எனக்குப் பற்பசை மணமும் சேர்ந்து வரும். அது ஏன் என்று எழுதினால் ஒழுங்காக வரும் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இந்த நாட்டுக்குத் தனியே வந்து, பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் கோப்பை கழுவினேன். பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டியவள் லின் என்ற சீனப் பெண். என் வயதுதான். அவளுடைய மனிசன் சீனாவில். "அடுத்த வருசம் வருவார்" என்பாள், ஒவ்வொரு வருசமும். உங்கள் அம்மா மூத்தவளோடு கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். லின்னும் நானும் பேசியது அரைகுறை ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் நீங்கள் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

நாலு வருசப் பிரிவு. மூத்தவளை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அம்மாவின் கடிதங்கள் முதலில் நாலு பக்கம் வந்தன, பிறகு இரண்டு, கடைசியில் அரைப் பக்கம். வருகிறவள் என்னை யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் என்ன செய்வது? அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

விசா கிடைத்தது மே மாதத்தில். பிளேன் வருவதற்கு முதல் நாள் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஒரே கோப்பையை மூன்று தரம் கழுவினேன். மாலையோடுதான் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது. கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு லைலாக் பற்றை நின்றது. பின்னேரம் போய், விரியாத மொட்டாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். ஊரில் மல்லிகையை அப்படித்தான் பறிப்போம். மொட்டாகக் கட்டி வைத்தால் அது தன்பாட்டில் விரியும். கட்டுவதற்கு வாழைநாருக்கு எங்கே போவது? பல்லிடுக்குத் துப்புரவாக்கும் நூல் இருந்தது, புதினா மணம் போட்டது. அதால் கட்டி, சலாட் பெட்டிக்குள் வைத்துக் கடைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் எடுக்கப் போனால், லின் மரக்கறிக் கத்தியும் கையுமாகப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன உது, எல்லாம் மூடிக் கிடக்கு?"

"பின்னேரத்துக்கிடையிலை விரிஞ்சிடும்."

"மல்லிகை எண்டால் விரியும். அதை நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுறனாங்கள், எனக்குத் தெரியும். உது லைலாக். மொட்டிலை பிச்சால் மொட்டுத்தான்."

பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அவர்களுடைய பழைய கவிதைகளில் விரியாத லைலாக் மொட்டு என்றால் நெஞ்சுக்குள் விழுந்த முடிச்சாம். தூரத்தில் இருக்கிறவரை நினைத்து ஒருத்தி காத்திருப்பாள். வெளியே மழை பெய்யும். மொட்டு அவிழாது, அவள் துக்கமும் அவிழாது. பள்ளிக்கூடத்தில் அப்படி எத்தனையோ பாட்டுகளைப் பாடமாக்கினாளாம்.

நான் பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். நாலு வருசத்துக்குப் பிறகு வருகிறவளுக்கு, கோப்பை கழுவுகிற நான் நூறு முடிச்சைக் கட்டி வைத்திருக்கிறேன்.

"அப்ப இதை எறியட்டே?"

"விசரா. ஆள் வராத இடத்துக்குத்தான் அந்தப் பாட்டு. உன்ரை ஆள் பிளேனிலை வருகுது." அவள் பின்கதவால் ஓடிப்போய், நன்றாக விரிந்த ஒரு கொத்தை முறித்து வந்து பெட்டிக்குமேல் வைத்தாள். "இது பாட்டிலை இல்லாதது. ஓடு, பஸ் போகப்போகுது."

எயார்போட்டில் அந்தக் கண்ணாடிக் கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் நான் எழும்பி நின்றேன். கடைசியில் உங்கள் அம்மா வந்தாள். மெலிந்திருந்தாள். பின்னால் ஒளித்துக்கொண்டு மூத்தவள். பெட்டியை நீட்டினேன். அம்மா திறந்து, மோந்து பார்த்தாள்.

"என்னப்பா இது, பற்பசை மணக்குது?"

நாலு வருசத்துக்குப் பிறகு அவள் நேரில் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவள் விரிந்த கொத்தைப் பறித்து, மூக்கை உள்ளே வைத்துத் தும்மினாள். எயார்போட் உள்ள மிசிசாகாவில் இருந்து பார்க்டேல் வரைக்கும் அம்மா வாய் மூடவில்லை. பயத்தை விட்டு நானும் கேட்டேன், கடிதம் ஏன் அரைப் பக்கமானது என்று.

"எல்லாத்தையும் பேப்பரிலை எழுத ஏலுமே? நேரை சொல்லத்தான் வைச்சிருந்தனான்."

மாலை சாமிப் படத்தில் மொட்டாகவே காய்ந்தது. சாப்பாட்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. லைலாக் நின்ற இடம் கார்கள் உள்ளே இறங்கும் வழி. லின் அந்தக் குளிர்காலத்தில் வேறு வேலைக்குப் போனாள், எங்கே என்று தெரியாது, அவளுடைய மனிசன் வந்தாரோ என்றும் தெரியாது. அந்தப் பாட்டுகளை அவள் ஏன் அவ்வளவு நினைவாக வைத்திருந்தாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எனக்குப் பஸ் பிடிக்கிற அவசரம்.