கோழி தின்ற அடையாளம்

எனக்குச் சிரிப்பு வந்தால் அடங்காது. முந்தானையை வாயில் அடைத்தால் மூக்கு வழியாக வந்துவிடும். அதனால்தான் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில், "நீ அடுப்படியிலயே இரு சாமி, வெளிய தல காட்டாத" என்று மாமியார் எனக்குக் கட்டளை போட்டிருந்தார்.

அது யுத்த காலம். நாமக்கல் கடைகளில் இன்று இருந்த பருப்பு நாளைக்கு இருக்காது. ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை அரைக் கண்ணாலும் சாமான் அறையை இரண்டு கண்ணாலும் பார்த்தார்கள். எங்களுக்கு அதில் பயமில்லை. பங்குனி வெயிலிலேயே மாமியார் எல்லாவற்றையும் காயவைத்து, நொச்சித் தழை போட்டு, இடுப்புயர மண்பானைகளில், அதாவது மொடாக்களில், நிரப்பிவிடுவார். வாய்க்கு ஒரு மண்தட்டு வைத்து, களிமண்ணும் சாணியும் குழைத்து மேலே மெழுகிவிடுவார். மழை ஓயும்வரை அதை உடைக்கக் கூடாது. ஈரக்காற்று பட்டால் வண்டு விழுந்துவிடும். அன்றாடச் செலவுக்கு எடுத்ததெல்லாம் சின்னப் பானைகளில் அடுப்படியிலேயே இருக்கும்.

எந்த மொடாவில் எது என்று எழுதி வைக்க எங்களில் யாருக்கு எழுத்துத் தெரியும்? நான் எழுதப் பழகியதெல்லாம் பிற்பாடு. மெழுகின மண் ஈரமாக இருக்கும்போதே மாமியார் உள்ளே இருக்கும் சாமானில் கொஞ்சம் எடுத்து மேலே அழுத்தி வைப்பார். துவரைக்கு நாலு துவரை, கொள்ளுக்கு நாலு கொள்ளு, மல்லிக்கு நாலு மல்லி, புளிக்கு ஒரு புளியங்கொட்டை. காய்ந்தால் கல்லில் பதித்த மாதிரி இருக்கும்.

நாத்தனார் அந்த மாப்பிள்ளையை நாமக்கல் சந்தையில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். அவர் ஒரு காளையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவள் அவருடைய பல்லைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "நங்கை, சிரிச்சா அத்தன அழகுங்க. இது தட்டிப்போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்று அண்ணன் பெண்டாட்டியான என் காதைக் கடித்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணெல்லாம் நீர்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம் மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வண்டியில் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் வைத்த வெற்றிலை பாக்கை அந்த அம்மாள் தொடவில்லை. சம்மதம் என்றால்தான் பாக்கு கை மாறும், அது எல்லாருக்கும் தெரியும். நேராகச் சாமான் அறைக்கு நடந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. போன வாரம் ஒரு ஊட்டுல மொடா மொடாவா நிறுத்தியிருந்தாங்க. தொறந்தா அத்தனையும் உமி. அதுல பாதி மொடா பக்கத்து ஊட்டு எரவல். நீங்க ஒரு துவரை மொடாவ மட்டும் தொறந்து காட்டிப்போடுங்க."

"தாராளமாங்க" என்று மாமியார் கதவைத் தள்ளினார்.

உள்ளேயிருந்து எங்கள் வீட்டுக் கோழிகள் அத்தனையும் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே பறந்தன. ஒன்று அந்த அம்மாளின் தோளில் இறங்கி, யோசித்துவிட்டு, பிறகு போயிற்று. அடுப்படிக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நான் முந்தானையைக் கடித்தேன்.

கோழி போனால் போகட்டும். மூடிகளைப் பார்த்த மாமியாருக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது. துவரையைக் காணோம், கொள்ளைக் காணோம், எல்லா மூடியிலும் வெறும் குழிதான். விழுங்க முடியாத புளியங்கொட்டை ஒன்று மட்டும் தப்பியிருந்தது. இடத்தை வைத்துச் சொல்லலாம் என்றால், கூரை ஒழுகியதற்காக முந்தின வாரம்தான் எல்லா மொடாவையும் இடம் மாற்றியிருந்தோம்.

மாமியார் மானத்துக்குப் பயந்து ஒரு மொடாவைத் தட்டி உடைத்தார். கமகமவென்று மல்லி வாசம் வீடெல்லாம் பரவியது.

"உங்கூட்டுத் துவரை நல்லா மணக்குதுங்க" என்றார் அந்த அம்மாள்.

அடுத்ததை உடைத்தார். கொள்ளு. அந்த அம்மாளின் முகம் இறுகிவிட்டது. "உங்கூட்டு மொடாவுல என்ன இருக்குதுன்னு உங்களுக்கே தெரியலீங்களே. இதெல்லாம் யாரு ஊட்டு மொடாங்க?"

வாசல் பக்கம் பார்த்து அந்த அம்மாள் கணவருக்குக் கண் காட்டினார். கிளம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆனாலும் எனக்குப் பாழாய்ப்போன சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அப்போது பட்டுச்சேலை சரசரக்க நாத்தனார் நடுவில் வந்து நின்றாள். பெண்ணை இன்னும் கூப்பிடவே இல்லை, இவளாகவே வந்துவிட்டாள்.

"கோழிய உள்ள உட்டு அடைச்சது நான்தானுங்க. விடியாலயே வாசக் கூட்டிக் கோலம் போட்டேன். நீங்க வாரதுக்குள்ள கெளறிப்போடுமேன்னு அடைச்சுப்போட்டேன். மொடாவெல்லாம் எங்களுதுதானுங்க. மேல வச்ச அடையாளத்தத்தான் கோழி தின்னுபோட்டுது."

அந்த நேரம் பார்த்து ஒரு கோழி திரும்பி வந்தது. எங்கள் எல்லார் கண் முன்னாலும் இன்னொரு மூடியில் ஏறி, குழிக்குள் மண்ணில் புதைந்து யார் கண்ணிலும் படாமல் தப்பியிருந்த ஒற்றைத் துவரையைக் கொத்தி விழுங்கிவிட்டு, சாட்சி சொன்ன கணக்காக இறங்கிப் போயிற்று.

நான் வெடித்துவிட்டேன். அடுப்படியில் இருந்து என் சிரிப்பு கேட்டதும் அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு மூக்குத்தி கழன்றுவிடும் போல இருந்தது. மாமியாரும் சிரித்தார். கோழி காட்டிக்கொடுத்த மொடாவைத் திறந்தபோது கழுத்துவரைக்கும் துவரை. அதை ஒருவரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் களிமண் கொண்டுவரச் சொன்னார். துவரை மொடாவுக்குத் தட்டு வைத்துத் தன் கையாலேயே மெழுகினார். மாமியார் நாலு துவரையை நீட்டினார். அவர் வாங்கவில்லை. எட்டி, எங்கள் தாம்பாளத்தில் இருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து ஈரமண்ணில் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இதக் கோழி கொத்தாது. தையில இந்த மொடாவ நானே வந்து தொறக்கறேன், கல்யாணச் சமையலுக்கு."

நாத்தனார் அடுப்படிக்கு ஓடிவந்து என் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தையில் இவள் போய்விடுவாளே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடே சிரித்துக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் ஓவென்று அழுதேன்.