கடல் சாமந்திக்கு ஈரச்சாக்கு

புளி அடிக்கிற மாசி மாதத்தில் பாஞ்சாலைக்கு உட்கார நேரம் கிடைப்பதில்லை. விடிந்ததும் மரத்தடி, சாயங்காலம் ஓடு தட்டிக் கொட்டை எடுப்பது, நடுவில் ராஜேஸ்வரி டீச்சர் வீட்டு வேலை. உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. இந்த அழகில், ஆபரேஷனுக்கு வேலூர் போன டீச்சர் தன் கண்ணாடித் தொட்டியையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

தொட்டியில் உப்புத் தண்ணீர். அதில் பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரு கடல் சாமந்தி. பார்த்தால் பூ, ஆனால் இரை தின்கிற உயிர். தனியாக வாழ்கிற டீச்சர் பொழுதெல்லாம் அதனிடம்தான் பேசிக்கொண்டிருப்பார்.

மறுநாளே அது சுருங்கி மாவு உருண்டையாகிவிட்டது. நாற்று வாடினால் அவளுடைய மலையூரில் என்ன செய்வார்கள்? வெயில் படாமல் மூடிவைப்பார்கள். பாஞ்சாலையும் விளக்கை அணைத்து, ஈரச்சாக்கால் தொட்டியைப் போர்த்தினாள். தன் சமர்த்தைத் தானே மெச்சிக்கொண்டு புளி அடிக்கப் போய்விட்டாள், பாவம்.

சில நாள் கழித்துச் சாக்கைத் தூக்கினால் பாறை காலி. சாமந்தி கண்ணாடியில் ஏறி, சாக்கின் கிழிசல் வழியே வெளிச்சம் விழுந்த மூலைக்குப் போயிருந்தது. பக்கத்திலேயே தண்ணீரை உறிஞ்சும் மோட்டார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கூழ்தான். ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அது செத்தே போகும். போனை எடுத்தாள்.

“டீச்சர், பூவு வாடிச்சின்னு சாக்கு போட்டு மூடிட்டேங்க. இப்ப மோட்டார்கிட்ட போய்க்கீதுங்க.”

டீச்சரின் குரல் ஈனமாக வந்தது. “மோட்டார நிறுத்து. சாக்க எடுத்துட்டு லைட்டப் போடு. அது வாடல, பாஞ்சாலை. அழுக்குத் தண்ணிய வெளிய வுட்டுட்டு செத்த நேரம் சுருங்கிக் கெடக்கும், அப்பறம் தானா விரியும். வெளிச்சம் இல்லன்னாதான் எடம் தேடி அலையும்.”

“புடிச்சி பாறையில வெச்சிடட்டுங்களா?”

“இழுத்தா அடி கிழிஞ்சிடும். சும்மா வுடு.”

சும்மா விடுவது பாஞ்சாலைக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் சொன்னதைச் செய்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். புளி கிடக்கட்டும். பொழுது சாய்வதற்குள் சாமந்தி மெல்ல விலகி இறங்கி, விரல் விரலாக நீட்டிக்கொண்டது.

போன் அடித்தது. “விரிஞ்சிச்சா?”

“விரிஞ்சிச்சிங்க.”

“செரி. நீ எப்டிக்கீற?”

அவளை அப்படி யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நல்லாக்கீறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“ஒடம்பு முடிலங்க டீச்சர்,” என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.