பள்ளத்தில் நிற்கும் புள்ளிகள்

என் கொழுந்தன் தெமூலன் சியோலில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொழுத்த சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். என்ன கிறுக்குப் பிடித்ததோ, எல்லாவற்றையும் உதறிவிட்டு எங்கள் தலைநகர் உலான்பாத்தருக்குத் திரும்பி வந்து, வாடகை அறையில் சொந்தக் கம்பெனி தொடங்கினான். மந்தையை நடத்திப் போகும் கிடாக்களின் கழுத்தில் பட்டை மாட்டினால், அவை எங்கே நிற்கின்றன என்று போனில் சிவப்புப் புள்ளிகள் காட்டும். முதல் பட்டைகள் எங்களுக்குத்தான். என் புருஷன் சோத்னம் குதிரையேறி ஆடு தேடி அலைவது நின்றது. பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. மந்தை வைத்திருந்தவர்கள் எல்லோரும் புல்லுக்குப் பறந்தார்கள். தெமூலன் போனில் இன்னொன்றைச் சேர்த்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து, எங்கே புல் இருக்கிறதோ அங்கே பச்சை காட்டுமாம். வீட்டுக்கு வந்து காட்டினான். சுற்றிலும் வெளுத்துக் கிடக்க, எங்கள் பள்ளம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. பனிக்காலத்துக்கென்று ஆடுகளின் வாயைக் கட்டி நாங்கள் காத்துவந்த புல் அது. அதை விட்டால் எங்கள் மந்தைக்கு வேறு கதியில்லை. பட்டை வாங்கிய எல்லோர் போனிலும் இந்தப் பச்சை தெரியும்.

சோத்னத்தின் முகம் செத்துப்போயிற்று. "இதை எடுத்துர்றா," என்றார்.

"நம்ம எடத்தை மட்டும் மறைச்சா மோசடிண்ணே. நம்பி வாங்குனவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"மொதல்ல எங்களுக்குப் பதில் சொல்லு," என்றேன் நான்.

அவன் சிரித்து மழுப்பினான். "யாரு அண்ணி இவ்ளோ தூரம் வரப்போறா?"

இலை பழுக்கும்போது வந்தார்கள். லாரி லாரியாகக் கூடாரங்கள், பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு மந்தைகள். பஞ்சத்தில் புல் தேடி வந்தவனை விரட்டும் வழக்கம் எங்களிடம் கிடையாது. வயிறெரிந்துகொண்டே உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு பெரியவர் போனைக் காட்டி, இதைச் செய்த பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். சோத்னம் தலையைக் குனிந்துகொண்டார். தன் தம்பிதான் என்று சொல்லவில்லை.

பள்ளம் மொட்டையாயிற்று. அவர்கள் அடுத்த பச்சையைத் தேடிப் போய்விட்டார்கள். நாங்கள் கிளம்புவதற்குள் பனி இறங்கி வழிகளை மூடிவிட்டது. ஆடுகள் பனியைக் கிளறிக் கிளறி வெறும் மண்ணை நக்கின.

பனி விட்டதும் தெமூலன் போன் செய்தான்.

"அண்ணி, புள்ளியெல்லாம் பள்ளத்துலயேதான் இருக்கு. ஆனா ஒண்ணுகூட அசையல. குளிர்ல பட்டை கெட்டுப்போச்சா?"

"பட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றேன். "கழட்டத்தான் உங்கண்ணன் போயிருக்காரு."