அஸ்லாக் கழுவிய மரவளையம்

பெர்கன் நகரத்து மருந்துக்கடையில் பதினோரு வருடம் குப்பி கழுவிய அஸ்லாக், குரோவைக் கட்டிக்கொண்டு வோஸ் மலைப்பக்கத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். நல்ல மனுஷன்தான், பாதிக் கனவிலேயே நடமாடுகிறவன். கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சும் நாளில் அவனுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"ஊறல்னா என்ன?"

"முளைகட்டிக் காயவச்ச பார்லியில சுடுதண்ணி ஊத்தி ஊறப்போடுறது. வடிச்சா வர்றது சாறு. இப்பக் குடிச்சா வெறும் இனிப்புத் தண்ணி," என்றாள் குரோ. "ஹாப்ஸ் பூப்போட்டுக் கொதிக்கவச்சா கசப்பு ஏறும், சீக்கிரம் கெடாது."

"அப்ப பீரு?"

"அதுக்கு ஈஸ்ட் விடணும். அது உசிரு. இனிப்பைத் தின்னுட்டு போதையைக் கக்கும். அதைத்தான் நொதிக்கிறதுன்னு சொல்றோம், துரை."

அண்டா நாள் முழுக்கக் கொதித்தது. ஜூனிபர் தழை மணக்கும் ஆவிக்குள் குரோவின் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அஸ்லாக் விறகைத் தள்ளியபடி சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தான். இந்தச் சுகம் தெரியாமல் இத்தனை வருடம் குப்பி கழுவினோமே என்றிருந்தது அவனுக்கு.

சாறு ஆறத் தொடங்கியதும் குரோ பரணிலிருந்த மரவளையத்தைக் கேட்டாள். பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினான்.

"ஒரே அழுக்கு. சலவைச் சோடா போட்டுத் தேய்ச்சுட்டேன்."

குரோ அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த அழுக்குதான் ஈஸ்ட். போன வருட பீரின் அடிமண்டியில் வளையத்தை முக்கிக் காயவைத்திருந்தாள். செத்துப்போன அவள் அம்மா ஆயுள் முழுக்கக் காப்பாற்றி வந்தது அது.

"எங்கம்மான்னு எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அக்கரையில் ஈஸ்ட் கேட்டுப் பார்க்கலாம் என்று படகை எடுத்தான். ஏரியில் அப்படியொரு மூடுபனி. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் கூடவே வந்தது. அக்கரைப் பண்ணை வீட்டுக்காரன் ஷுர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடப்பாவி மாப்ள! குரோவையும் சோடா போட்டுத் தேய்க்காம விட்டியே!" சிரித்து முடித்து ஒரு ஜாடியை எடுத்துக் கொடுத்தான். "எங்க ஈஸ்ட் கெட்டுப்போன வருஷம் உன் மாமியார்தான் கொண்டாந்து கொடுத்தாங்க. உங்க வீட்டுச் சொத்துதான், கொண்டு போ."

குரோ ஜாடியை முகர்ந்து பார்த்தாள்.

"பதினாலு வருஷம் அவங்க வீட்ல கிடந்திருக்கு. அதே ருசி வருமா?"

சாறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே விட்டார்கள். ஈஸ்ட் விடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் பீரில் வேகம் இருக்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. குரோவுக்குக் குரல் எழும்பவில்லை. அஸ்லாக்தான் கத்தினான். அக்கரை நாய்கள் குரைத்தன.

மூன்றாம் நாள் பீப்பாயில் பிடிக்கும்போது அக்கம்பக்கத்தார் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் கிண்ணம் குரோவுக்கு. அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எங்கம்மா போட்ட பீரு," என்று சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். அஸ்லாக்கும் அழுதான். மாமியாரை அவன் பார்த்ததே இல்லை.