கடைசித் தாளில் எழுதியவர்கள்

என் வீட்டுக்காரர் உப்புப் பாத்தியில் விழுந்தது மாசி மாதம். உப்பு வாருகிற பலகையைப் பிடித்த பிடியிலேயே சாய்ந்தார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் திரும்பவில்லை. மரக்காணத்துக்கு அழைத்துவந்த பிறகு அவராகவே இன்னொன்றையும் விட்டார். சாப்பாட்டை.

தொண்டையில் குறை இல்லை, முழுங்க முடியும் என்றுதான் டாக்டர் சொன்னார். இரண்டு மடக்கு மோர் குடிப்பார், கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் அழுதேன். டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை, பொறுமையாகத்தான் பேசினார். "மூக்குல ட்யூப் போடலாம்மா. அதையும் புடுங்கிட்டார்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. அவருக்கே இருக்கணும்னு தோணணும்."

தோண வைக்க நான் என்ன செய்வேன்? அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். இரும்பை ஊர் ஈஸ்வரன் கோயிலில் விளக்கு போட்டு, திருநீறு வாங்கிவந்து நெற்றியில் பூசினேன். "சரியாயிடும், ஆடி மாசம் எழுந்து நடப்பீங்க" என்று நாளுக்குப் பத்து முறை சொன்னேன். கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கன்னம் குழிந்து, தாடை எலும்பு தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

அப்போதுதான் நூலகத்து அம்மா ஆள் விட்டிருந்தார், என் வீட்டுக்காரர் எடுத்துவந்த புத்தகத்தை வேறொருவர் கேட்கிறார் என்று. சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். செங்கல் கனம். அவர் கண் புத்தகத்தின் கூடவே வந்தது. ஒரு மாதத்தில் அவர் கண் எதன் பின்னாலும் அப்படி வந்ததில்லை.

பஸ் டிக்கெட் செருகியிருந்த பக்கத்தைப் பிரித்து, எழுத்துக் கூட்டி நாலு வரி படித்தேன். கஞ்சிக் கரண்டியை நீட்டினேன். வாய் திறந்தது.

அன்றிலிருந்து பக்கத்துக்கு இரண்டு கரண்டி. அவர் பத்தாவது வரை படித்தவர், மத்தியானத்தில் உப்பளத்துக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் உண்டு. நான் எட்டாவதோடு சரி. வெள்ளைக்காரன் கதையைத் தமிழில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மனிதர்கள், இன்னொரு பக்கம் எல்ஃப் என்று ஒரு சாதி. நீளக் காது, காட்டில் குடியிருப்பு, வயசாகிச் சாகிறது கிடையாது. இரண்டு சாதியும் சேர்ந்து ஒரு மலைக்கோட்டையைக் காக்கிறார்கள். மனித வீரன் ஒருத்தன், அவனுக்குத் துணையாக எல்ஃப் பெண் ஒருத்தி. பேர்களெல்லாம் என் வாயில் நுழையவில்லை. நான் ஒரு பேரைக் கொன்று படித்தபோது அவர் இடது உதடு மேலே ஏறியது. சிரிக்கிறார் என்று புரிந்ததும், வேண்டுமென்றே இன்னும் இரண்டு பேரைக் கொன்றேன்.

எனக்கு அந்தக் கதையில் ஒரு குறை. அந்த ஜனங்கள் ஒரு சாமியையும் கும்பிடவில்லை. இத்தனை கஷ்டத்தில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று படிக்கும்போதே பாவமாக இருக்கும்.

இன்னும் எத்தனை பக்கம் என்று பார்க்க ஒரு நாள் கடைசித் தாளைப் புரட்டினேன். புத்தகத்தில் எழுதக்கூடாது என்று முதல் பக்கத்தில் முத்திரை இருந்தது. கடைசித் தாளில் எழுத இடமே இல்லை. படித்தவர்களெல்லாம் அவரவர் அபிப்பிராயத்தை எழுதி வைத்திருந்தார்கள். "முன்னூறு பக்கம் நடந்துகிட்டே இருக்காங்க, கால் வலிக்குது" என்று ஒருத்தர். கீழே வேறு மையில், "உன்னை யாரு கூட நடக்கச் சொன்னது?" "காதை விட கதை நீளம்" என்று ஒருத்தர். "எல்ஃப் கிட்ட இருக்கிற மனுஷத்தனம் நம்ம கிட்ட இல்லை" என்று ஒரு பெண்பிள்ளை எழுத்து. அதற்கும் கீழே பச்சை மையில்: "யாரும் கடைசி அத்தியாயம் படிக்காதீங்க. வீரன் செத்துடுறான். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

புத்தகத்தை மூடிவிட்டேன். நன்றாக இருக்கிறவனுக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம்.

என் அம்மா வீடு பிரம்மதேசத்துப் பக்கம். அங்கே கோயிலில் கதை படிக்கிற நாட்களில், வீரன் சாகிற இடம் வந்தால் அதோடு ஏட்டை மூட மாட்டார்கள். மங்களம் பாடித்தான் ஜனங்களை எழுப்புவார்கள். பட்டாபிஷேகம் வரை படித்து முடித்தால்தான் ஊருக்கு நல்லது. சீக்காளி இருக்கிற வீட்டில் சாவுக் கதையைப் படிப்பதா?

நூலகத்துக்கு ஓடினேன். இதற்கு அடுத்த பாகம் உண்டா, அதிலாவது அவன் பிழைத்து வருவானா என்று கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த பாகம் இல்லையாம். அவரும் படித்து அழுதாராம். அந்தச் சாவுதான் அந்தக் கதையே என்றார். முடிகிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகம் கேட்டவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், எதற்கும் அசர மாட்டாள். "நீயா ஒரு முடிவு சொல்லிடேன்டி. சினிமாவுலயே மாத்தறானுங்க. புக்கு உன் கையில இருக்குது, அவரா எட்டிப் பாக்கப் போறாரு?"

இரண்டு நாளாகக் குழாயடியிலும் அடுப்படியிலும் அந்த முடிவைத்தான் மனசுக்குள் கட்டினேன். எல்ஃப் பெண் பச்சிலை கொண்டுவருவாள், வீரன் எழுந்திருப்பான், கிரீடம் வைப்பார்கள். சாமி படத்துக்கு முன்னால் நின்று, பொய்தான், மன்னித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி அத்தியாயம் வந்தது. காலையில் கஞ்சியை ஆற்றி வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பாதிப் பக்கம் அச்சில் இருந்ததைப் படித்தேன். கோட்டைக் கதவில் அவன் ஈட்டி வாங்கி விழுந்த இடத்தில், தாளைப் பார்த்துக்கொண்டே என் கதைக்கு மாறினேன். பச்சிலை அரைத்தாள், கட்டினாள், அவன் கண் திறந்தான். சங்கு ஊதினார்கள். வேகத்தில் எல்ஃப்கள் எல்லோரும் பொங்கல் வைத்தார்கள் என்று வந்துவிட்டது.

கரண்டியை நீட்டினேன். பல் இறுகியிருந்தது.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல? இடது கையால் புத்தகத்தை இழுத்தார். நான் விடவில்லை. மறுபடி இழுத்தார். வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, கட்டை விரலால் தாள்களைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போனார். நான் பயந்து மூடிய அதே தாள். அதன் மறுபக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

பென்சில் எழுத்து. எங்கள் வீட்டுக் காலண்டரில் அவர் கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறிக்கிற அதே சாய்ந்த எழுத்து.

"இரண்டு முறை படித்துவிட்டேன், மூன்றாவது முறையாக எடுத்திருக்கிறேன். எல்லோரும் அவன் சாவதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். விடிகிறவரை அந்தப் பெண் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிழைத்துவிடுவாய் என்று ஒரு முறைகூடப் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது."

மூன்று முறை படித்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக நாளுக்குப் பத்து முறை நான் சொன்னது எல்லாம் காதில் கேட்டது.

"சாவணும்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார், நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த அத்தியாயத்தை விரலால் தட்டினார்.

உள்ளபடி படித்தேன். அவன் விடியும்போது செத்தான். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவருக்கும் இடது கண்ணில் தண்ணீர் ஓடிக் காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் காலையில் புத்தகம் இல்லாமல் கஞ்சியோடு உட்கார்ந்தேன். படிக்க ஒரு வரி மிச்சமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இந்தக் கை இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பேச்சும் வராமப் போகலாம். ஆடில நடப்பீங்கன்னு சொன்னேனே, அது நானா சொன்னது. எனக்கு ஒண்ணும் தெரியல. ரொம்ப பயமா இருக்குது. நீங்க சாப்பிடலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கரண்டி என் கையிலேயே இருந்தது. பிறகு வாய் திறந்தது, கொஞ்சமாக. ஊற்றினேன், முழுங்கினார். இன்னொன்று. மூன்றாவதில் பாதி வழிந்தது. நாலாவதுக்கு மூடிக்கொண்டார்.

இதை எழுதும்போது அவர் உள்ளே படுத்திருக்கிறார். நேற்று நாலு வாய், இன்றைக்கு இரண்டு. ஒரு ஆள் உயிரோடு இருக்க எத்தனை வாய் வேண்டும் என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை. பயம்தான். சரியாயிடும் என்று மட்டும் இப்போது சொல்வதில்லை. சாமியிடம் கூட இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு ஒரு நாள் என்றுதான் கேட்கிறேன்.