திருப்பிப் போட்ட மங்கா

போன மாதம் மெட்ரோவில் நிரஞ்சன் அண்ணை தன் புத்தகத்தின் முதல் பிரதியை என் மடியில் வைத்தார். ஜப்பானில் எல்லாரும் அறிந்த பழைய மங்கா, அதாவது படக்கதைத் தொடர் ஒன்று, தமிழில். வரைந்தவர் இறந்து நெடுங்காலமாகிவிட்டதால் காப்புரிமையும் முடிந்துவிட்டது.

“இனி ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை,” என்றார்.

மங்காவை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று எல்லாப் படங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிட்டாராம்.

பக்கத்திலிருந்த ஜப்பானியப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“இந்தக் குழந்தை இறந்துவிட்டதா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“இல்லையே, பள்ளிக்கூடம் போகிறது,” என்றேன்.

அவர்கள் உடையான கிமோனோவில் இடப்பக்கம் மேலே வர மடிப்பது உயிரோடு இருப்பவர்களுக்காம். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது.

நாங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். சோறு போடும் தாய், பட்டம் விடும் பிள்ளைகள், எல்லாரும் சவ உடையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வரைஞ்ச மனுசன் இருந்திருந்தா ஒரு சொல்லுச் சொல்லியிருப்பார்,” என்றார் அண்ணை. அடுத்த நாளே மிச்சப் பிரதிகளை என்னிடம் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

எல்லாம் இப்போது என் வீட்டு பேஸ்மென்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் சும்மாவே எடுத்துப் போகலாம். பகலில் வாருங்கள், நானும் அப்போதுதான் கீழே இறங்குவேன்.